காரணம் தெரியவில்லை

கால்நடை ஆய்வாளராக வேலை பார்த்த காலத்தில் நான் அதிகம் எழுதிய இரண்டு சொற்கள் இவைதான். பதிவேட்டில் ஊர், ஆட்டுக்காரர் பெயர், எத்தனை உருப்படி, என்ன அறிகுறி என்று கட்டம் கட்டமாகப் போகும். கடைசிக் கட்டம் காரணம். துள்ளுமாரி, அடைப்பான், கோமாரி, நீலநாக்கு என்று தெரிந்தால் அந்தப் பெயரை எழுதுவேன். தெரியாவிட்டால் ‘காரணம் தெரியவில்லை’. ஓய்வு பெற்றுப் பேரையூரில் உட்கார்ந்த பிறகு, பெயர் எழுதிய கட்டங்கள் மறந்துவிட்டன. பெயர் எழுதாத கட்டங்கள்தான் விடியற்காலையில் எழுப்பிவிடுகின்றன. அவற்றில் எத்தனை, உலகத்தில் யாருமே அதுவரை பார்த்திராத கிருமியால் வந்த சாவு? அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு படித்ததையும் பார்த்ததையும் இந்த நோட்டில் குறித்து வருகிறேன்.

*

கண்மாய்க்கரை மருத மரத்தில் பழந்தின்னி வௌவால்கள் தொங்குகின்றன. சித்திரை வெயிலில் மத்தியானம் போய் நின்று பார்த்தால் ஒரு சிறகை மடக்கி, இன்னொரு சிறகால் விசிறிக்கொண்டிருக்கும். உடம்பை நக்கி ஈரமாக்கிவிட்டு மறுபடி விசிறும். மின்சாரம் போன வீட்டுத் திண்ணையில் பனையோலை விசிறியோடு உட்கார்ந்திருக்கிற ஆச்சிதான் ஞாபகத்துக்கு வருவார்.

பொழுது சாய்ந்து எதிரே வருகிறவர் முகம் தெரியாத நேரத்தில் ஒன்று கிளம்பும். பின்னாலேயே நாலு, பிறகு ஒரு கூட்டம். சாப்டூர்ப் பக்கம் மலையடிவாரத்து மாந்தோப்புகளை நோக்கிப் போகும். எண்ணப் பார்த்திருக்கிறேன். நூற்றைத் தாண்டியதும் கணக்கு தவறிவிடும்.

காலையில் எங்கள் கொய்யா மரத்தடியில் அவை வந்துபோன தடயம் கிடக்கும். பழத்தை மென்று சாற்றை உறிஞ்சிக்கொண்டு சக்கையைத் துப்பிவிட்டுப் போகும். பழைய அரையணாக் காசு மாதிரி தட்டையாக, மேலண்ணத்தின் வரி பதிந்த சக்கை. பக்கத்தில் பல் பட்ட ஒரு பழம். பேத்தி அதை எடுக்கக் குனிந்தாள்.

“அது வேண்டாம்மா. பல் பட்டிருக்கு.”

“வவ்வா மேல கோவமா தாத்தா?”

“கோவம் ஒண்ணும் இல்ல. அது தின்ன எச்சில். யாரு எச்சிலயும் நாம திங்க மாட்டோம்ல?”

அவளுக்கு அது போதுமானதாக இருந்தது. வௌவால் வழி வரும் நிபா வைரஸ் பற்றிப் பெரிய பெரிய கூட்டங்களில் சொல்லப்படுகிற பாதுகாப்பு முறையில் பாதி இந்த ஒரு வார்த்தைக்குள் அடங்கிவிடும் என்று எனக்கும் பட்டது.

*

ஒரு கணக்கு. 2018-ல் ‘சயின்ஸ்’ இதழில் உலக வைரஸ் தொகுப்புத் திட்டம் என்று ஒன்றை முன்வைத்தார்கள். பாலூட்டிகளிடமும் பறவைகளிடமும் இன்னும் கண்டுபிடிக்கப்படாத வைரஸ்கள் சுமார் 16.7 லட்சம் வகை இருக்கலாம்; அவற்றில் ஆறே கால் லட்சத்திலிருந்து எட்டே கால் லட்சம் வரை மனிதரைத் தொற்றக்கூடியவையாக இருக்கலாம் என்பது அவர்கள் மதிப்பீடு. மனிதரைத் தொற்றுவதாக அன்று தெரிந்திருந்தவை முந்நூறுகூட இல்லை. பத்து வருஷம், 120 கோடி டாலர் இருந்தால் பெரும்பகுதியைப் பட்டியல் போட்டுவிடலாம் என்றார்கள்.

அதற்கு முன்பே 2009-ல் அமெரிக்க உதவியோடு ‘பிரெடிக்ட்’ என்ற திட்டம் தொடங்கி, முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில் வௌவால், குரங்கு, எலி என்று மாதிரி எடுத்து, நூற்றுக்கணக்கான புது வைரஸ்களைப் பதிவு செய்திருந்தது.

படித்தபோது மலைப்பாக இருந்தது. ஆனால் இது நமக்குப் புதிய வேலை இல்லை. எழுபது வருஷத்துக்கு முன்னால் நம் வட ஆற்காட்டில் ஓசையில்லாமல் நடந்த வேலைதான்.

*

1952-ல் புனேயில் வைரஸ் ஆராய்ச்சி மையம் தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ராக்பெல்லர் அறக்கட்டளையும் சேர்ந்து தொடங்கியது. இன்றைய தேசிய வைராலஜி நிறுவனம் அதுதான். 1955-ல் வேலூர்ப் பக்கம் மூளைக்காய்ச்சல் கண்ட பிள்ளைகளிடம் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் இருப்பது தெரியவந்தது. உடனே கொசு பிடிக்கக் கிளம்பினார்கள். 1955 நவம்பரிலிருந்து 1957 அக்டோபர் வரை வட ஆற்காடு, சித்தூர் மாவட்டங்களில் பிடித்த கொசுக்களை அரைத்து, பால்குடி மறக்காத எலிக்குட்டியின் மூளையில் செலுத்தி, எது நோய்ப்படுகிறது என்று பார்ப்பது அந்தக் காலத்து முறை.

தேடியது ஒன்று. கிடைத்தது பல. அதுவரை உலகத்தில் யார் பட்டியலிலும் இல்லாத வைரஸ்கள். கிடைத்த ஊரின் பெயரையே அவற்றுக்கு வைத்தார்கள். அதனால்தான் இன்றைக்கும் உலகத்து வைராலஜிப் புத்தகங்களில் வேலூர் வைரஸ், சதுப்பேரி வைரஸ் என்று இருக்கின்றன. பிறகு பறவைகளிடமிருந்து கம்மவான்பேட்டை வைரஸ், கண்ணமங்கலம் வைரஸ். பிள்ளைகளை வரிசையாக ராணுவத்தில் சேர்த்த ஊர் என்று கம்மவான்பேட்டையைத் தெரியும். அந்தப் பெயர் உறையவைத்த ஒரு வைரஸ் குப்பியின் மேலும் எழுதியிருக்கிறது என்பது அந்த ஊரில் எத்தனை பேருக்குத் தெரியுமோ.

வேலூர் வைரஸ் சேர்ந்த குடும்பத்தைப் பார்த்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஆர்பிவைரஸ். நான் மழைக்காலம் தவறாமல் செம்மறிக் கிடைகளில் பார்த்த நீலநாக்கும் அதே குடும்பம். மூக்கில் ஒழுக்கு, வீங்கிய உதடு, கால் ஊன்ற முடியாமல் முழங்காலிட்டு மேயும் ஆடு. அந்த வீட்டுப் பங்காளி ஒருவன் எப்போதோ வேலூரில் பிடிபட்டிருக்கிறான்.

*

மூஞ்சூறு. தவிட்டு மூட்டை வைத்திருக்கிற அறையில் ராத்திரி விளக்குப் போட்டால் சுவர் ஓரமாகவே ஓடும். நடு அறையைத் தாண்டாது. கீச் கீச் என்று ஒரு சத்தம், போன பிறகும் நிற்கிற ஒரு வீச்சம். கண் மிளகு அளவு. மூக்கு மட்டும் நீண்டு, எந்நேரமும் எதையோ மோப்பம் பிடித்து ஆடிக்கொண்டே இருக்கும். எலி என்று பேர் சொல்கிறோமே தவிர எலிக்கும் அதற்கும் சொந்தம் தூரம். பிள்ளையார் வாகனம் என்று யாரும் அடிப்பதில்லை.

1964-ல் வேலூர் தோட்டப்பாளையத்தில் இப்படி ஒரு மூஞ்சூறிடமிருந்து ஒரு வைரஸைப் பிரித்தார்கள். எந்த வகை என்று பிடிபடவில்லை. கொசுவோ உண்ணியோ பரப்புகிற வகையாக இருக்கலாம் என்ற ஊகத்தோடு 1971-ல் கட்டுரை எழுதி, தோட்டப்பாளையம் வைரஸ் என்று பெயர் கொடுத்து, உறையவைத்து அலமாரியில் சேர்த்தார்கள்.

இதற்கு நடுவில் கொரியாவில் வேறொரு கதை. 1950-களின் போரில் ஆயிரக்கணக்கான படைவீரர்களை ரத்தக்கசிவுக் காய்ச்சல் வீழ்த்தியது. காரணம் தெரியவில்லை. இருபத்தைந்து வருஷம் கழித்து, 1976-ல், ஹோ வாங் லீ என்ற கொரிய விஞ்ஞானி ஹந்தான் ஆற்றுப் பக்கத்து வயலெலியின் நுரையீரலில் அதைக் கண்டுபிடித்தார். ஹந்தா வைரஸ் என்று ஒரு குடும்பமே அந்த ஆற்றின் பெயரால் வந்தது.

பிறகு பழைய அலமாரிகளைத் திறந்து ஒப்பிட்டபோது தெரிந்தது, தோட்டப்பாளையத்து மூஞ்சூறிடம் கிடைத்ததும் ஹந்தா குடும்பம்தான். கொரியாவுக்குப் பன்னிரண்டு வருஷம் முன்பே உலகத்தின் முதல் ஹந்தா வைரஸ் வேலூரில் பிரிக்கப்பட்டிருந்தது. 2007-ல் அதன் மரபணுவைப் படித்து, எலிவழி வருகிறவற்றிலிருந்து வெகுதூரம் விலகிய தனிக்கிளை என்றார்கள். அதுவரை ஹந்தா என்றாலே எலி என்றிருந்தது. மூஞ்சூறு, வௌவால் என்று தேடல் விரிந்தது அதற்குப் பிறகுதான்.

வீட்டுச் சுவரோரம் ஓடுகிறதைப் பிடித்துப் பார்க்க வேண்டும் என்று 1964-ல் ஒருவருக்குத் தோன்றியிருக்கிறதே. அதுதான் பெரிய விஷயம்.

*

அந்த 1971 கட்டுரையை எழுதியவர்களில் ஒருவர் பெயர் ரேச்சல் ரூபன். வட ஆற்காட்டுக் கொசுக்களை ஊர் ஊராகப் போய் வகைபிரித்தவர். பிற்காலத்தில் மதுரைக்கு வந்தார். 1985-ல் மதுரையில் தொடங்கிய மருத்துவப் பூச்சியியல் ஆராய்ச்சி மையத்தில் பணியாற்றி, ஜப்பானிய மூளைக்காய்ச்சலைப் பரப்பும் வயல் கொசுக்களை இனம்காண உதவும் வழிகாட்டி ஒன்றைச் சக ஆய்வாளர்களோடு சேர்ந்து 1994-ல் வெளியிட்டார். கொசுவின் காலில் எந்தக் கணுவில் வெள்ளை வளையம், சிறகில் எங்கே செதில் என்று படம் போட்டு விளக்குகிற வழிகாட்டி.

சின்னச் சொக்கிகுளத்தில் அந்த மையத்து வாசலைக் கடந்து எத்தனையோ முறை போயிருக்கிறேன். உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்டதில்லை. மூஞ்சூறிலிருந்து மதுரைக் கொசு வரை ஒரு பெண்மணி நடந்து வந்த தூரத்தை நினைத்தால் இப்போது கைகூப்பத் தோன்றுகிறது.

*

சதுப்பேரியின் கதை இன்னும் ஒரு படி மேலே.

2011-ல் ஜெர்மனியில் பசுக்களுக்குக் காய்ச்சல், பால் குறைவு. சில மாதத்தில் ஆட்டுக்குட்டிகள் கால் மடங்கி, கழுத்து திருகிப் பிறந்தன. ஷ்மாலன்பெர்க் என்ற ஊர்ப் பக்கத்து மாடுகளின் ரத்தத்தில் இருந்த மரபணுத் துணுக்குகள் எல்லாவற்றையும் படித்துப் பார்த்து ஒரு புது வைரஸைக் கண்டுபிடித்தார்கள். இது யார்? யாருக்குச் சொந்தம்? பட்டியலோடு ஒப்பிட்டபோது நெருங்கிய உறவாக வந்து நின்றவற்றில் ஒன்று, ஐம்பத்து நாலு வருஷத்துக்கு முன் சதுப்பேரிக் கொசுவில் கிடைத்த நம் வைரஸ். சதுப்பேரி இனத்தைச் சேர்ந்ததுதான் என்றே 2012-ல் ஓர் ஆய்வு வகைப்படுத்தியது.

உறவு தெரிந்தால் குணம் தெரியும். இந்தக் குடும்பம் சின்னஞ்சிறு கடிப்பூச்சி வழியாகப் பரவும், கருவைத் தாக்கும் என்பது முன்பே தெரியும். ஆகவே எதைத் தேடுவது, சினை ஆட்டை எந்தக் காலத்தில் காப்பது என்று உடனே யோசிக்க முடிந்தது. கல்யாணத்துக்குப் பெண் பார்க்கிறவர்கள் முதலில் ‘எந்த ஊர், யார் வீடு’ என்று கேட்பது போலத்தான். வீடு தெரிந்தால் பாதி விஷயம் தெரிந்த மாதிரி.

*

பெயர் தவறாக எழுதினால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் துறையிலேயே பாடம் உண்டு. ஆடுகள் மூக்கொழுகி, வாய் புண்ணாகி, கழிந்து செத்தால் வெக்கை நோய் என்றே பல காலம் எழுதிவந்தோம். 1987-ல் விழுப்புரம் பக்கம் அரசூரில் செத்த ஆடுகளைச் சோதித்தபோதுதான் இது வெக்கை இல்லை, அதன் பங்காளியான ஆட்டுக்கொல்லி என்று இந்தியாவில் முதன்முதலாக உறுதியானது. அரசூரில் பிரித்த அந்த வைரஸிலிருந்தே தமிழ்நாட்டில் தடுப்பூசியும் செய்தார்கள். ‘அரசூர் 87’ என்று அதற்குப் பெயர்.

வெக்கை நோய் 2011-ல் உலகத்தை விட்டே ஒழிந்தது. ஆட்டுக்கொல்லி இன்னும் இருக்கிறது. ஆனால் பெயர் தெரியும், ஊசி இருக்கிறது. பெயர் தெரியாமல் போயிருந்தால் ஒழிந்துபோன நோயின் கணக்கிலேயே ஆடுகள் செத்துக்கொண்டிருக்கும்.

*

மனசைக் கனக்கவைத்த ஒரு பக்கம்.

1965-ல் நாகபுரிப் பக்கம் சந்திபுரா என்ற ஊரில் காய்ச்சல் கண்டவர்களின் ரத்தத்திலிருந்து ஒரு வைரஸைப் பிரித்தார்கள். பெரிய தீங்கு செய்வதாகத் தெரியவில்லை. பட்டியலில் ஏற்றினார்கள். அப்படியே இருந்தது. 2003-ல் ஆந்திராவில் பிள்ளைகளுக்குத் திடீர் மூளைக்காய்ச்சல். காலையில் விளையாடிய பிள்ளை மறுநாள் இல்லை. 329 பிள்ளைகள் பாதிக்கப்பட்டு 183 பேர் இறந்தார்கள். புனேயில் சோதித்தபோது வந்த பெயர் சந்திபுரா. மணல் ஈ கடித்துப் பரவுவது. 2024-ல் குஜராத்தில் மறுபடி வந்தது.

பட்டியல் இருந்ததால் பெயர் கிடைத்தது. ஆனால் 1965-க்கும் 2003-க்கும் நடுவில் முப்பத்தெட்டு வருஷம். அந்த இடைவெளியில் மண்சுவர் வெடிப்பில் மணல் ஈயைப் பார்த்துக்கொண்டிருக்க ஊருக்கு ஓர் ஆள் இருந்தாரா? தடுப்பூசி வேண்டும் என்று யாராவது கேட்டார்களா? இன்றுவரை அதற்குத் தடுப்பூசியும் இல்லை, தனி மருந்தும் இல்லை.

பட்டியலில் ஏற்றியதோடு வேலை முடிந்தது என்று நினைப்பது பெரிய பிழை. ஏற்றிய நாளில்தான் வேலை தொடங்குகிறது.

*

இதைத்தான் வேறு விதமாகச் சிலர் சொன்னார்கள். எட்வர்ட் ஹோம்ஸ் முதலான மூன்று வைரஸ் ஆய்வாளர்கள் 2018-லேயே ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள்: லட்சக்கணக்கில் வைரஸ்களைத் திரட்டினாலும் எது நாளைக்கு மனிதரிடம் தாவும் என்று சொல்ல முடியாது, அந்தப் பணத்தை மனிதரும் விலங்கும் சந்திக்கிற இடங்களைக் கண்காணிக்கச் செலவிடுங்கள். காட்டுக்குள் போய்ப் புதுக் கிருமி எடுத்துவருவதிலேயே ஆபத்து இருக்கிறது என்ற வாதமும் வலுத்தது. 2021-ல் அமெரிக்கா தொடங்கிய 12.5 கோடி டாலர் வைரஸ் தேடும் திட்டம் ஒன்று 2023-ல் கைவிடப்பட்டது.

இரண்டு பக்கத்தையும் பலமுறை படித்துவிட்டேன். முப்பது வருஷம் பதிவேடு எழுதியவன் என்ற முறையில் எனக்குத் தோன்றுவது இதுதான். பட்டியல் வேண்டும். தோட்டப்பாளையமும் சதுப்பேரியும் இல்லாவிட்டால் வருகிறவன் யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்கக்கூட முடியாது. ஆனால் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு ஊரைக் காக்க முடியாது. காட்டோரத்தில் கண் விழித்திருக்கிற ஆள் வேண்டும். வேட்டைத் தடுப்புக் காவலர், ஆட்டுக்கிடை போடும் கீதாரி, கிராம செவிலியர், மருந்தகத்துக் கால்நடை மருத்துவர். முதல் சாவைப் பார்க்கிறவர்கள் இவர்கள்தான். அவர்கள் சொல்வதை அன்றைக்கே கேட்டு எழுத ஓர் இடம் வேண்டும்.

*

1957-ல் கர்நாடகத்துச் சிவமொக்கா மாவட்டம் சொரபா தாலுகாவில் கியாசனூர்க் காட்டோர ஜனங்கள் சொன்னது ஒரே வாக்கியம்: குரங்கு சாகிறது, பிறகு எங்களுக்குக் காய்ச்சல் வருகிறது. குரங்கும் மனிதரும் சேர்ந்து சாகிறார்கள் என்றதும் மஞ்சள் காய்ச்சல் இந்தியாவுக்குள் வந்துவிட்டதோ என்று பயந்துதான் புனேக்காரர்கள் ஓடினார்கள். கையில் இருந்த பழைய வைரஸ்களோடு ஒப்பிட்டபோது அது ரஷ்யக் காடுகளில் உண்ணி பரப்புகிற ஒரு வைரஸின் உறவாக இருந்தது. ஜனங்கள் சொன்ன வாக்கியமும் அலமாரியில் இருந்த பட்டியலும் சேர்ந்தபோதுதான் விடை வந்தது. ஒன்று இல்லாமல் மற்றதால் ஆகியிருக்காது.

உண்ணி பிடிப்பதற்கு ஒரு முறை உண்டு. வெள்ளைத் துணியைக் கொடி மாதிரிக் கழியில் கட்டி, காட்டுத் தரையில் சருகின் மேல் மெதுவாக இழுத்துக்கொண்டே போக வேண்டும். பத்தடிக்கு ஒரு தடவை துணியைத் திருப்பிப் பார்த்தால் எள்ளளவு கறுப்பாக ஒட்டிக்கொண்டிருக்கும். இடுக்கியால் எடுத்துக் குப்பியில் போட வேண்டும். அவ்வளவுதான் கருவி. வேட்டி ஒன்று கிழிந்தால் போதும்.

2012–13-ல் இதே நோய் பந்திப்பூரில் வந்தது. நீலகிரிப் பக்கத்துக் குரங்குகளிடமும் கண்டார்கள்.

ஆடி அமாவாசைக்குச் சதுரகிரி ஏறப் போனபோது வாழைத்தோப்பு வழியில் ஒரு குரங்கு என் பையைப் பிடித்து இழுத்தது. முன்பெல்லாம் பொரியை எறிந்துவிட்டு நடப்பேன். அன்றைக்குக் கொடுக்கவில்லை. அதன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தேன். ரோமம் பளபளப்பாக இருந்தது, கண்ணில் பீளை இல்லை, சுறுசுறுப்பாக இருந்தது. குரங்கு நன்றாக இருக்கிறது என்று வீட்டுக்கு வந்து இந்த நோட்டில் எழுதினேன். நன்றாக இருக்கிற நாளையும் எழுதிவைத்தால்தான் கெட்ட நாள் தெரியும்.

*

அலமாரியைப் பற்றி இன்னொன்று. 1948-ல் மேகமலையில் ஆங்கஸ் ஹட்டன் என்ற எஸ்டேட்காரர் ஒரு வௌவாலைப் பிடித்துப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பினார். சாதாரணப் பழவௌவால் என்று சீட்டு ஒட்டி இழுப்பறையில் வைத்தார்கள். இருபத்து நாலு வருஷம் அப்படியே கிடந்தது. 1972-ல் கிட்டி தோங்லோங்யா என்ற தாய்லாந்து அறிஞர் எடுத்துப் பல்லை எண்ணிப் பார்த்தார். மேலும் கீழும் ஒரே ஒரு ஜோடி முன்பல். வெளியே வால் இல்லை. உலகத்தில் வேறெங்கும் இல்லாத பேரினம். சாலிம் அலியின் பெயரை அதற்கு வைத்தார்.

அந்த மேகமலையும் எங்கள் சாப்டூர்க் காடும் 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகம் என்ற ஒரே வேலிக்குள் இருக்கின்றன. வௌவாலையே இருபத்து நாலு வருஷம் தவறாகப் படித்திருக்கிறோம். அதன் தொண்டைக்குள் இருக்கிற கிருமியை என்ன சொல்வது.

*

2020 ஏப்ரலில் ஒரு செய்தி வந்தது. கேரளம், இமாசலம், புதுச்சேரி, தமிழ்நாடு ஆகிய இடங்களில் வௌவால்களின் தொண்டை மாதிரியில் கொரோனா வகை வைரஸ் இருப்பதாகத் தேசிய வைராலஜி நிறுவனம் கண்டறிந்தது. கோவிட் வைரஸ் வேறு, இது வேறு. கட்டுரையிலேயே அப்படித்தான் இருந்தது. ஆனால் டீக்கடைக்கு வந்து சேர்வதற்குள் ‘நம்ம வவ்வாலுக்குக் கொரோனா’ ஆகிவிட்டது. மருத மரத்தை வெட்டிவிடலாம் என்று நாலு பேர் பேசினார்கள்.

அன்றைக்குத் தடுத்தது நான் இல்லை, ஒரு கீதாரி. “மரத்த வெட்டுனா அதுக எங்கிட்டுத் தம்பி போகும்? உங்க வீட்டுக் கொல்லைக்குத்தான் வரும்” என்றார்.

ஆஸ்திரேலியாவில் பல வருஷம் ஆராய்ந்து சொன்னதும் அதுவே. அங்கே 1994-ல் பிரிஸ்பேனில் குதிரைகளையும் அவற்றைப் பழக்கியவரையும் கொன்றது ஹெண்ட்ரா வைரஸ். வௌவால்களிடமிருந்து வருவது. காட்டு மரங்கள் குறைந்து, பூக்காத வருஷத்தில் பட்டினி கிடந்த வௌவால்கள் பண்ணைகளுக்கு வந்தன. அப்போதுதான் கிருமியையும் அதிகம் வெளியேற்றின. காடு நன்றாகப் பூத்த குளிர்காலங்களில் குதிரைகளுக்கு நோய் வரவில்லை. 2022-ல் வெளியான ஆய்வு இது. ஆகவே இலுப்பையும் அத்தியும் நடுவது வெறும் புண்ணியம் மட்டும் இல்லை. தொற்றுநோய்த் தடுப்பு வேலை.

*

மதுரைக்காரர்கள் வௌவாலைப் பகையாகப் பார்த்ததில்லை. புளியங்குளத்து ஆலமரத்து வௌவால்களை முனி காக்கிறார் என்று ஊர் நம்பியது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் மாரிமுத்து அதைப் பற்றி எழுதியிருக்கிறார். அவரும் எம்.கே. சந்திரசேகரனும் கீழக்குயில்குடி சமணர் மலைக் குகையில், இருட்டுக்குள் அடைத்துவைத்த வௌவால்கூட வந்துபோகிற கூட்டாளிகளின் அரவத்தை வைத்து நாழிகை அறிந்துகொள்கிறது என்று கண்டார்கள்.

சட்டம்தான் நம் ஜனங்களை விடப் பின்தங்கியிருந்தது. 1972 வனவிலங்குச் சட்டம் பழந்தின்னி வௌவாலை எலி, காக்கையோடு சேர்த்துத் தீங்குயிர்ப் பட்டியலில் வைத்திருந்தது. 2022 திருத்தத்தில்தான் அந்தப் பட்டியல் போனது.

வங்கதேசத்தில் ஈச்ச மரச் சாற்றுக்காகக் கட்டிய பானையில் வௌவால் வாய் வைத்து, அதைப் பச்சையாகக் குடித்தவர்களுக்கு நிபா வந்தது. அதை ஆராய்ந்தவர்கள் வௌவாலைக் கொல்லச் சொல்லவில்லை. பானையைச் சுற்றி மூங்கில் பாய் கட்டச் சொன்னார்கள். கிருமி தெரிந்ததால் கிடைத்த மருந்து ஒரு பாய். தெரியாமல் இருந்திருந்தால் கோடரிதான் கிடைத்திருக்கும்.

*

பெயர் வைப்பதிலும் ஒரு வலி இருக்கிறது. 1993-ல் அமெரிக்காவின் தென்மேற்கில் நவாஹோ இளைஞர்கள் மூச்சுத்திணறி இறந்தார்கள். கொரியக் கண்டுபிடிப்பிலிருந்து சேர்த்துவைத்த பொருட்கள் கையில் இருந்ததால் சில வாரத்திலேயே ஹந்தா குடும்பம் என்று தெரிந்துவிட்டது. எங்கள் ஊர்ப் பெயரை வைக்காதீர்கள் என்று அங்கே ஜனங்கள் கேட்டுக்கொண்டார்கள். கடைசியில் ‘சின் நோம்ப்ரே’ என்று வைத்தார்கள். ஸ்பானிய மொழியில் ‘பெயரில்லாதது’. 2015-ல் உலக சுகாதார நிறுவனமும் புது நோய்களுக்கு ஊர்ப் பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டது. நல்ல காரியம். ஒரு ஊர் கிருமியைக் கண்டுபிடித்தால் அந்த ஊருக்கு நன்றி சொல்ல வேண்டும். விலக்கி வைக்கக் கூடாது.

*

ஒரு குறையை எழுதாமல் விட்டால் இந்த நோட்டு முழுமையாகாது. ஒரு ஐப்பசியில் ஒரே கிடையில் பதினோரு செம்மறிகள் இரண்டு நாளில் செத்தன. எனக்குத் தெரிந்த எந்த நோயின் அடையாளமும் முழுதாகப் பொருந்தவில்லை. மண்ணீரலும் ரத்தமும் எடுத்து, தெர்மாக்கோல் பெட்டியில் ஐஸ் வைத்து, பஸ்ஸில் அனுப்பினேன். மழையில் பாலம் மூழ்கி பஸ் பாதி வழியில் நின்றுவிட்டது. மறுநாள் சாயங்காலம் போய்ச் சேர்ந்தபோது ஐஸ் தண்ணீராகி, மாதிரி நாறிவிட்டது. சோதிக்க ஒன்றும் மிச்சமில்லை. மறுபடி எடுப்பதற்குள் ஆடுகளைப் புதைத்துவிட்டார்கள்.

கீதாரி என்னிடம் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. “என்ன சீக்குன்னாவது தெரிஞ்சுச்சா சார்?”

அந்தக் கட்டத்தில் அதே இரண்டு சொற்களை எழுதினேன். 16.7 லட்சத்தில் ஒன்று அன்றைக்கு அந்தப் பெட்டிக்குள் இருந்ததா, தெரிந்த சீக்கே வேறு முகம் காட்டியதா, இனி யாராலும் சொல்ல முடியாது. கோடி கோடியாகத் திட்டம் போடுகிறவர்கள் தாலுகாவுக்கு ஒரு நல்ல குளிர்ப்பெட்டியையும் அதைச் சுமந்து போக ஒரு வண்டியையும் முதல் வரியில் எழுத வேண்டும்.

*

மார்கழி. காலையில் வேப்பமரத்தடியில் மூன்று காக்கை செத்துக் கிடந்தன. கரண்ட் கம்பி மேலே இல்லை. உடம்பில் காயம் இல்லை. நாயை உள்ளே கட்டினேன். பேத்தியை அந்தப் பக்கம் விடவில்லை. குச்சியால்கூடத் தொடாமல் மருந்தகத்துக்குப் போன் போட்டேன்.

ஒரு மணி நேரத்தில் இளம் டாக்டரம்மா வந்துவிட்டார். முகக்கவசம், இரட்டைக் கையுறை. “எப்ப பாத்தீங்கய்யா? ராத்திரி இருந்துச்சா? பக்கத்து வீட்டுக் கோழி எதும் சாஞ்சிருக்கா?” என்று நான் கேட்டிருக்க வேண்டிய எல்லாவற்றையும் கேட்டார். நோட்டைப் பார்த்துச் சொன்னேன். நேற்று சாயங்காலம் ஐந்தரை மணிக்கு மரத்தடி சுத்தமாக இருந்தது. காலை ஆறு பத்துக்கு மூன்று. அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். பறவைக்காய்ச்சலாக இருக்குமோ என்று பார்க்க மாதிரி மதுரை வழியாகப் போபால் வரை போகும் என்றார். அவர் கொண்டுவந்த பெட்டி கனமாக இருந்தது. மூடியைத் திறந்தபோது ஐஸ் முழுசாக இருந்தது, ஒரு சொட்டு உருகவில்லை. அதைப் பார்க்க எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஏன் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருக்காது.

குப்பியின் மேல் சீட்டை ஒட்டி, பேனாவால் எழுதினார். தேதி, நேரம், காக்கை, எண் 1. அதற்குக் கீழே ஊர்ப் பெயர்: பேரையூர்.